மூன்றாம் சாட்சியின் கை

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன மாதம் போன் செய்தாள். நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி அது. இப்போதெல்லாம் கணினியே தமிழை ஆங்கிலமாக்கித் தந்துவிடுகிறதாம், இவர்கள் சரிபார்த்தால் போதுமாம். ஒரு சாட்சி ‘இம்புட்டுப் பெரிய கல்லு’ என்று சொன்னதற்கு அது ‘ஹ்யூஜ்’ என்று போட்டிருக்கிறது, அப்படியே விட்டுவிடலாமா அக்கா என்று கேட்டாள். சாட்சி கையால் ஏதாவது காட்டினாரா, பதிவில் பார் என்றேன். தேடிப் பார்த்துவிட்டு, ஆமாம், இரண்டு கையாலும் சேர்த்துக் காட்டியிருக்கிறார், தேங்காய் அளவு என்று நீதிபதி எழுதியிருக்கிறார் என்றாள். தேங்காய் எப்போதிலிருந்து ஹ்யூஜ் ஆனது என்று கொஞ்சம் கடுகடுப்பாகவே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் நீளம். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், வாய்க்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

போனை வைத்த பிறகு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அளவு, கை என்று பேச்சு வந்தாலே ஒரு பெண்பிள்ளையின் ஞாபகம் வந்துவிடும். அவளை என் வாழ்நாளில் ஐந்து நிமிடம்தான் நேரில் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளையைத் தேடுவதுபோல அவளைத் தேடுகிறது மனசு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்க்கோர்ட்டில் சாட்சிகள் தமிழில் சொல்வதைத் தமிழிலேயே பதிவு செய்வார்கள். தண்டனை பெற்றவர் மேல்முறையீட்டுக்குப் போனால் அந்த வழக்குக் கட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் ஆக்கி நீதிபதிகள் முன் வைக்க வேண்டும். அதைச் செய்தவர்களில் நான் ஒருத்தி. மேலூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்து என்னைப் படிக்கவைத்தார்கள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, தேர்வு எழுதி, ஆங்கிலத்தைப் பயந்து பயந்து பிடித்து அந்த அறைக்குள் வந்து சேர்ந்த கதை பெரிய கதை. அதை எழுதினால் எனக்கே தூக்கம் வந்துவிடும்.

அந்த அறையின் விசித்திரம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான பேருடைய குரலை நாங்கள் கேட்டோம், ஒருவருடைய முகத்தையும் பார்த்ததில்லை. செல்லூரில் தறி ஓட்டுகிறவர், குவாரியில் கல் உடைக்கிறவர், கணவனைப் பறிகொடுத்தவள், கணவனைக் கொன்றவள் எல்லோரும் தாளில் வந்து பேசிவிட்டுப் போவார்கள். ஒருவர் எப்படிக் கோபப்படுவார், எந்த இடத்தில் அழுவார் என்பதுவரை எனக்குத் தெரியும். தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பார்த்து, போன வாரம் நான் மொழிபெயர்த்தது இவளைத்தானோ என்று நினைத்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டிருக்கிறேன்.

பிரிவின் கண்காணிப்பாளராக இருந்தவர் காதர் சார். பழைய டவுனில் பரம்பரையாகத் தார்ப்பாய்க் கடை வைத்திருந்த குடும்பம். கடைக்கு அண்ணன் தம்பிகளை விட்டுவிட்டு இவர் மட்டும் ஆங்கிலத்தைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. நாங்கள் எழுதிக் கொடுத்த நகலை மூலத்துக்குப் பக்கத்தில் வைத்து, வரிக்கு அடியில் மர ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் படிப்பார். ஸ்கேல் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் நாங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு, யாருடைய நகல் என்று எட்டிப் பார்ப்போம். சத்தம் போடமாட்டார். பக்கத்தில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு போனால் மொத்தப் பக்கத்தையும் திரும்ப எழுதவேண்டியிருக்கும்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஆங்கிலத்தில் குத்துமதிப்பாக அளவு சொல்கிற பேச்சு வார்த்தைகளைச் சேர்ப்பார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் அவற்றை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருப்பார். பதினொரு மணி டீ வந்ததும் ஒரு தாளை எடுப்பார். ‘டீனி’ என்பார். நாங்கள் ‘துளியூண்டு’ என்போம். அதைவிடச் சிறுசு ‘டீனி வீனி’. அதற்கு நான் ‘இத்துனூண்டு’ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ‘பிக்கிஷ்’ என்றால் பெருசு என்று சொல்லவும் முடியாது, சிறுசு என்று தள்ளவும் முடியாது. ‘ஸ்மாலிஷ்’ அதற்குத் தங்கச்சி. ரொம்ப ரொம்பப் பெருசு என்கிற ‘வொப்பிங்’குக்குச் சரியான தமிழ் கிடைக்காமல் மூன்று நாள் தவித்தோம். கடைசியில் டீ கொண்டுவரும் அண்ணன், தன் மச்சான் வாங்கிய கடனைப் பற்றிச் சொல்லும்போது ‘கொள்ளையோ கொள்ளை’ என்றார். காதர் சார் அதைத் தாளில் எழுதிக்கொண்டு அவருக்குத் தன் காசில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இத்தனை ஆசையாகச் சேர்த்த வார்த்தைகளில் ஒன்றைக்கூடக் கட்டுக்குள் விடமாட்டார். அதெல்லாம் டீக்கு மட்டும். “இஷ் போட்ட வார்த்தையை நம்பி ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பக்கூடாதும்மா” என்பார். சாட்சி அளவை எப்படிச் சொன்னாரோ அப்படியே போகவேண்டும். பனங்காய் என்றால் பனங்காய்தான், முழம் என்றால் முழம்தான். கையால் காட்டினால், காட்டினார் என்று எழுதி, கோர்ட்டில் அளந்திருந்தால் அந்த அளவையும் எழுதவேண்டும். பதிவில் இருப்பதை விட்டாலும் பொய், இல்லாததைச் சேர்த்தாலும் பொய். அந்த டீ நேரம் இல்லாமல் போனதைத்தான் ஓய்வு பெற்ற பிறகு நான் அதிகம் உணர்கிறேன். வீட்டில் பதினொரு மணிக்கு டீ போட்டுக் குடித்தால் அது டீ மாதிரியே இல்லை.

பேரையூர்ப் பக்கத்துக் கட்டு ஒன்று வந்தது காதர் சார் இருந்தபோதுதான். மானாவாரிக் காட்டில் பாதைத் தகராறு. மாமன் மச்சான் உறவுக்காரர்கள் இரண்டு பேர் வாய்ச்சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவர் தலையில் அடிபட்டுச் செத்துப்போனார். மற்றவர் மாடு முடுக்கிக்கொண்டு வந்தவர். அவர் கையில் கம்பு இருந்தது என்பதில் சண்டையில்லை. எந்தக் கம்பு என்பதுதான் வழக்கு. மாடு முடுக்குகிற குச்சி என்றார் அவர். ஒரு வீச்சு வீசினேன், மச்சான் பின்னால் சாய்ந்து பாறையில் விழுந்துவிட்டார் என்றார். போலீஸ் எடுத்துக் கொடுத்ததோ இருபத்தாறு அங்குலக் கருவேலந்தடி. அதனால் அடித்தாலும் அப்படிக் காயம் வரும், பாறையில் விழுந்தாலும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நேரில் பார்த்தது ஒரே ஒரு ஆள். அடித்தவருடைய அக்கா மகள். பேரைச் சொல்லப்போவதில்லை. கட்டில் அவள் மூன்றாம் சாட்சி, எனக்கும் அவள் அப்படியே இருக்கட்டும். மாமா கையில் இருந்த கம்பு எவ்வளவு நீளம் என்று கேட்டபோது, “என் கை அம்புட்டு” என்று வலது கையை நீட்டிக் காட்டியிருக்கிறாள். நீதிபதி அளக்கச் சொல்லியிருக்கிறார். தோளிலிருந்து விரல் நுனிவரை இருபத்தாறு அங்குலம். தடியும் இருபத்தாறு அங்குலம். அளவு அச்சாக ஒத்துப்போகிறது என்று தீர்ப்பில் எழுதி, மாமாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு என் மேஜையில் ஏழெட்டுக் கட்டு குவிந்து கிடந்தது. அவசரத்தில் நான் ‘பிக்கிஷ் ஸ்டிக்’ என்றும், ஒரு கை நீளம் இருக்கும் என்றும் சுருக்கி எழுதிவிட்டேன். டீயில் குடித்த வார்த்தை பேனாவில் ஒழுகிவிட்டது. அளவு எப்படியும் பின்னால் தீர்ப்பில் வருகிறதே என்ற சோம்பல்தான் காரணம். காதர் சாரின் ஸ்கேல் அந்த வரியில் நின்றது. கூப்பிட்டார். போனேன்.

“அந்தப் பிள்ளையோட கையை எங்கம்மா வச்சீங்க?” என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. தாளை வாங்கிக்கொண்டு வந்து, அவள் கையைத் திரும்ப அவளிடமே கொடுப்பதற்காக மூலத்தை முதலிலிருந்து வாசித்தேன். அவள் ஏற்கெனவே மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்த வாக்குமூலமும் கட்டில் இருந்தது. அதிலும் அதே பேச்சுதான். என் கை அம்புட்டுக் கம்பு. சம்பவம் நடந்த பத்தாம் நாள் சொன்னது. மேலே வயது என்று போட்டிருந்த இடத்தில் ‘ஒன்பது’ என்று எழுத்தால் எழுதியிருந்தது. கோர்ட்டில் சாட்சி சொன்ன பக்கத்தைப் புரட்டினேன். அங்கே வயது பதின்மூன்று.

நான் வயல்காட்டில் வளர்ந்தவள். எங்கள் அம்மா இடுப்பளவு தண்ணீர் என்றால் அது அம்மாவின் இடுப்பு. அதே கிணற்றில் எனக்குத் தலை முங்கும். உடம்பால் அளக்கிறவர்கள் அன்றைக்கு இருந்த உடம்பால்தான் அளப்பார்கள். ஒன்பது வயதில் ‘என் கை அம்புட்டு’ என்று மனசில் எழுதிக்கொண்ட பிள்ளை, பதின்மூன்று வயதிலும் அதையே சொல்கிறாள். வார்த்தை வளரவில்லை, கை வளர்ந்துவிட்டது. கோர்ட்டு அளந்தது வளர்ந்த கையை.

அப்போது என் மகள் நான்காம் வகுப்பு. மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கும்போது கையை நீட்டச் சொல்லி, தையல் டேப்பை வைத்து அளந்தேன். இருபத்திரண்டு அங்குலம். கையை விடும்மா, ஆட்டோ வந்துருச்சு என்று அவள் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நான் டேப்பைப் பிடித்தபடியே நின்றேன். நாலு அங்குலம் குறைந்தால் அது அந்தத் தடி இல்லை. ஒரு மனுஷன் உள்ளே கிடப்பது இந்த நாலு அங்குலத்தில்தான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

பத்து மணிக்கெல்லாம் காதர் சார் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லி, மொழிபெயர்ப்பின் அடியில் ஒரு சின்னக் குறிப்பு போட்டுவிடலாமா என்று கேட்டேன். என் மகளின் கையளவையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“உங்க பிள்ளை கை ரெக்கார்டுல இல்லம்மா. அவ சொன்னது எந்த வயசுக் கைன்னு அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். நம்ம கேக்க முடியாது. நமக்கு அங்க வாய் கிடையாது.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வக்கீல் பார்க்கவில்லை, ஜட்ஜ் பார்க்கவில்லை, பார்த்த நாமும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எப்படி சார் என்று கேட்டேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என் நகலை எடுத்து, மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலத்தின் முதல் வரியில் ஸ்கேலை வைத்தார். சாட்சியின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் முதல் பக்கத்து அட்டவணையில் இருக்கின்றன என்று அந்தத் தலைப்பை நான் ஒரே வரியாகச் சுருக்கியிருந்தேன். எங்கள் பிரிவில் எல்லோரும் செய்கிற சுருக்கம்தான். அதில் வயதும் போயிருந்தது.

இதை முழுசா எழுதுங்க என்றார். மூலத்தில் வயது எழுத்தால் இருக்கிறது, நீங்களும் எழுத்தால் போடுங்கள் என்றார். சாட்சி சொன்ன பக்கத்திலும் அப்படியே வயது எழுத்தால் வரட்டும், கையை நீட்டியதும் அளந்ததும் ஒரு சொல் குறையாமல் வரட்டும் என்றார். அன்று சாயங்காலம் நான் டைப் அடித்துக் கொடுத்ததை இரண்டு தரம் படித்தார். ஒன்பது என்ற சொல்லின் கீழே ஸ்கேல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கையெழுத்துப் போட்டார். “இன்ஷா அல்லா, படிக்கிறவுக கண்ணுல படும்” என்று மட்டும் சொன்னார்.

கண்ணில் பட்டது. ஆனால் அதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் காதர் சார் ஓய்வு பெற்றுவிட்டார். மேல்முறையீட்டில் வாதாடிய இளம் வக்கீல் இரண்டு வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். கொலை என்பது போய், நோக்கமில்லாமல் நேர்ந்த மரணம் என்று ஆனது. அதுவரை சிறையில் இருந்ததே தண்டனை என்று விடுதலை செய்துவிட்டார்கள். தீர்ப்பின் நகல் பிரிவுக்கு வந்த அன்று நான் அதை எடுத்துக்கொண்டு நேராக காதர் சார் வீட்டுக்குப் போனேன். கையளவைப் பற்றிய பத்தியை ஸ்கேல் இல்லாமலே படித்தார். படித்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயசு இருக்கும் என்று கேட்டார். பதினாறு இருக்கும் சார் என்றேன். தீர்ப்பை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை.

அதற்கு அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அறையில் நான் மட்டும் இருந்தேன். ஒரு அம்மாவும் ஒரு பெண்ணும் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா கையில் ஒரு துண்டுச் சீட்டு. நகல் வாங்குகிற இடம் இதுதானா என்று கேட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த மேல்முறையீட்டு எண் எனக்கு மனப்பாடம். நிமிர்ந்து பார்த்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மெலிந்த முகம், பள்ளிக்கூடத்து யூனிபார்ம் தாவணி. இருபது வருடத்துக்கு மேல் முகமே பார்க்காமல் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு முகம் நடந்து வந்து நின்றது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மா எழுதியிருந்ததில் வருடம் தப்பாக இருந்தது. நான் வேறொரு சீட்டில் சரியாக எழுதி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் இடது கையால் வாங்கினாள். வலது கை தாவணிக்குள் இருந்தது. அம்மாவுக்குச் சுருக்கென்றுவிட்டது.

“சோத்தாங்கையால வாங்குடி” என்று அதட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: “கோவிச்சுக்கிறாதீக. கோர்ட்டுல டேப்பு வச்சு அளந்ததுலருந்து அந்தக் கையை ஒருத்தருக்கும் நீட்ட மாட்டேங்கிறா. மாமனை உள்ள வச்ச கையிம்பா. இப்ப அவன் வீட்டுக்கு வந்தும் அப்படித்தேன் இருக்கா.”

அவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்காமல் மெதுவாகக் கேட்டாள்.

“இப்ப மட்டும் எதுக்கு விட்டாகளாம்?”

யாரைக் கேட்டாளோ தெரியாது. அறையில் இருந்தது நான் ஒருத்திதான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம், அதில் ஒருத்தி அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு பிரிவில் இருப்பவர்கள் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்த விதி அது. வாய் நீளமான எனக்கு அன்று பார்த்து விதி ஞாபகம் வந்தது.

“மூணாவது ரூமுல கேளுங்க” என்றேன்.

போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நகலை வாங்கி அம்மா மஞ்சப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தீர்ப்பு இருபது பக்கமும் ஆங்கிலம். அவள் பேச்சைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் இத்தனை பேர் இருந்தோம். பதிலை அவளிடம் தமிழில் திரும்பக் கொண்டுவர ஒருத்தரும் இல்லை. வாசல்வரை ஓடினேன். வெயிலில் அவர்கள் பஸ் ஏறிவிட்டிருந்தார்கள்.

போன மாதம் அந்த போன் வந்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. இனி எனக்கு விதி இல்லை. தீர்ப்பின் அந்தப் பத்தியைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு பேரையூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மினிபஸ். ஊரில் இறங்கி விசாரித்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா தவறிவிட்டார் என்றும், மாமன் தன் மகனோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார் என்றும், பிள்ளையைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்றும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. நீங்க யாரு, சொந்தமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

திருப்பூரில் எந்தத் தெருவில் இருக்கிறாயோ, உனக்குப் பிள்ளை இருந்தால் அதற்கு இப்போது என்ன வயசோ தெரியாது. இது உன் கண்ணில் படுமா என்றும் தெரியாது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் அம்மா. ஒன்பது வயதில் ஒரு குழந்தை தன் கை அளவு என்று பார்த்ததை, பதின்மூன்று வயதில் வளர்ந்துவிட்ட கையை வைத்து அளந்தது தவறு என்று பெரிய கோர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். முதல் நாளிலிருந்து கடைசிவரை நீ ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாய், அதில் மாற்றமே இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் உன் மாமாவை விட்டார்கள். உன் கை அவரை உள்ளே வைக்கவில்லை. அதுதான் அவரை வெளியே கொண்டுவந்தது.